கைத்துப்பாக்கியில் .22 மேக்னம்: யாருக்குப் பயன்படும், யாருக்கு வேண்டாம்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, வங்கிக் காவல் வேலைக்காக ரெட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு வகை. பணம் கையில் புழங்கும் தொழில் செய்து, தற்காப்புக்கென்று ரிவால்வர் வாங்கியவர்கள் இன்னொரு வகை. அப்பா, தாத்தா காலத்து ஆயுதம் வாரிசாக வந்து சேர்ந்தவர்கள் மூன்றாவது. மூன்று தரப்பிலிருந்தும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. பழைய வெளிநாட்டு .22 மேக்னம் ரிவால்வர் ஒன்று கைமாறி வருகிறது, எடுத்துக்கொள்ளலாமா? சாதாரண .22 போதுமா? இல்லை, பேசாமல் .32க்கே போய்விடலாமா? (.22, .32 என்பவை குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் சொல்லும் எண்கள். மேக்னம் என்பது வெடிமருந்து கூடிய .22 தோட்டா.)

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேக்னத்தின் பலம் நீளக் குழலில்தான் இருக்கிறது. கைத்துப்பாக்கியின் குட்டைக் குழலில் அந்தப் பலத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகிறது; சத்தமும் நெருப்பும் மட்டும் குறையாமல் மிஞ்சுகின்றன. ஆகவே இங்கே பெரும்பாலோருக்கு அது சரியான தேர்வு இல்லை. சிலருக்கு மட்டும் சரி. அந்தச் சிலர் யார் என்பதைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, எதற்காக என்பது. தற்காப்பா, குறிபார்த்துச் சுடும் பயிற்சியா, போட்டியா, வயலைக் காப்பதா? இதைத் தெளிவாகச் சொல்ல முடியாதவர் எதையும் வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது தோட்டா. கடையில் தொடர்ந்து கிடைக்கிற தோட்டாவா? ஆண்டுக்கு இத்தனைதான் வாங்கலாம் என்று உரிமத்தில் கணக்கு எழுதியிருக்கும். அந்தக் கணக்குக்குள் பயிற்சிக்கும் செலவழித்து, கையிருப்பும் வைத்துக்கொள்ள முடியுமா? பயிற்சி இல்லாதவர் கையில் எந்த ரகமும் ஆபத்துதான்.

பிறகு நம்பகம். சுத்தி விழும்போதெல்லாம் வெடிக்கிறதா? சுட்ட தோட்டாவின் காலிக் கூடு சிக்காமல் வெளியே வருகிறதா? அதற்கப்புறம் குழல் நீளம், சத்தம், குண்டு போய்ச் சேரும் இடம். கடைசியாகச் சொன்னது எங்கள் ஊருக்கு ரொம்பவும் முக்கியம். வேலூர்க் கோட்டையைச் சுற்றி எங்கே திரும்பினாலும் கருங்கல் குன்று. சின்னக் குண்டு பாறையில் பட்டால் எந்தப் பக்கம் சிதறிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாதாரண .22 குண்டுகூட ஒரு மைலுக்கு மேல் பறந்து போகக்கூடியது. "பின்னால் மலைதானே இருக்கிறது" என்று நினைத்துச் சுடுவது மண்மேட்டுக்குப் பொருந்தும், வெறும் பாறைக்குப் பொருந்தாது.

சட்டம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. அதைத் தனியாகச் சொல்கிறேன்.

ரிம்ஃபயர் என்றால் என்ன

.32 போன்ற சென்டர்ஃபயர் தோட்டாவின் அடியில், நடுவே தனியாக ஒரு கேப், அதாவது தீப்பற்றவைக்கும் சின்ன மூடி, இருக்கும். சாதாரண .22, .22 மேக்னம் போன்ற ரிம்ஃபயர் தோட்டாக்களில் அது கிடையாது. மெல்லிய பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பு உள்ளே குழிவாக மடிக்கப்பட்டிருக்கும். பற்றவைக்கும் கலவை அந்த மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். சுத்தி விளிம்பை நசுக்கும்போது கலவை பற்றிக்கொள்ளும்.

செய்வது எளிது, அதனால் விலையும் குறைவு. ஆனால் இதிலிருந்தே மூன்று குறைகள் வருகின்றன. விளிம்பு நசுங்க வேண்டும் என்பதால் கூடு மெல்லியதாக இருந்தாக வேண்டும். ஆகவே பெரிய அழுத்தத்தைத் தாங்காது. சுத்தி விழும் இடத்தில் கலவை சரியாகப் பரவாமல் இருந்தால் தோட்டா வெடிக்காது. விளிம்பைப் பலமாக அடிக்க வேண்டியிருப்பதால் ரிம்ஃபயர் ரிவால்வர்களில் சுத்தியின் ஸ்பிரிங் கடினமாக இருக்கும். சுத்தியைக் கையால் பின்னே இழுக்காமல், விசையை மட்டும் இழுத்துச் சுடும்போது விரலுக்கு நிறைய வலு வேண்டும். "பெண்களுக்கு, வயதானவர்களுக்கு .22தான் சுலபம்" என்று சொல்பவர்கள் பின்னுதைப்பை மட்டும் பார்க்கிறார்கள். விசையின் கனத்தைப் பார்ப்பதில்லை. கடையில் காலி ரிவால்வரை வாங்கி, கடைக்காரர் அனுமதியோடு, பாதுகாப்பான திசையில் பிடித்து விசையை இழுத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

சாதாரண .22: லாங் ரைஃபிள்

1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த தோட்டா இது. 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம் ஈயக் குண்டு. ரைஃபிளிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 1,200 அடி வேகம். நான்கு அங்குலக் கைத்துப்பாக்கியிலிருந்து 950 அடி அளவுக்கு வரும். அதாவது குழல் குட்டையானாலும் இது பெரிதாக நஷ்டப்படுவதில்லை. உள்ளே இருக்கும் வெடிமருந்து கொஞ்சம்தான், அது சீக்கிரமே எரிந்துவிடுகிறது.

பயிற்சிக்கு இதற்கு ஈடு எதுவும் இல்லை. உதைப்பு இல்லை, தோட்டா விலை மற்றவற்றைவிடக் குறைவு, நம் நாட்டிலேயே தயாராகிறது. ஒலிம்பிக்கின் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகளில் இந்தத் தோட்டாவைத்தான் பயன்படுத்த வேண்டும். மேக்னத்துக்கு அங்கே அனுமதி இல்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ராணுவ வீரர் விஜய்குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் வெள்ளி வாங்கியது இந்தச் சின்னத் தோட்டாவால்தான். கணியம்பாடிக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை என்று ஒரு ஊர் இருக்கிறது. வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து துப்பாக்கி சுடும் விளையாட்டுக்குப் பிள்ளைகள் நிறைய வர வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன். அப்படி வருகிற பிள்ளைக்கு மேக்னம் எந்த வகையிலும் உதவாது. ஏர் பிஸ்டலில் தொடங்கி, பிறகு லாங் ரைஃபிளுக்குப் போவதுதான் வழி.

தற்காப்புக்கு? முடிந்தவரை வேண்டாம் என்பேன். குண்டு சின்னது, வேகம் குறைவு, வெடிக்காமல் போகும் வாய்ப்பும் உண்டு. இதே ரகத்தில் நிடர் என்ற எடை குறைந்த உள்நாட்டு ரிவால்வர் வந்தது. சட்டைப் பையில் வைக்கிற அளவு. கனமான ஆயுதத்தைத் தூக்கவே முடியாதவருக்கு அது ஒரு வழி. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

.22 மேக்னம்

வின்செஸ்டர் நிறுவனம் 1959இல் அறிமுகப்படுத்தியது. நம் ஆயுதச் சட்டமும் அதே ஆண்டில்தான் பிறந்தது. கூட்டின் நீளம் சுமார் 27 மில்லிமீட்டர். லாங் ரைஃபிளின் கூடு 15.6 மில்லிமீட்டர்தான். கூட்டின் நீளமும் விட்டமும் கூடியது, மருந்தும் கூடியது. அதே 40 கிரெய்ன் குண்டு ரைஃபிளிலிருந்து நொடிக்கு 1,900 அடி வேகத்தில் போகிறது. முயல் அளவு விலங்குகளைச் சட்டப்படி வேட்டையாட அனுமதிக்கும் நாடுகளில், நூறு கெஜ தூரத்துக்கு இது அருமையான ரைஃபிள் தோட்டா.

இதையே கைத்துப்பாக்கியில் போட்டால் கதை மாறிவிடுகிறது. கூட்டில் இருக்கும் மருந்து மெதுவாக எரியும் வகை. ஆறங்குலக் குழலில் வேகம் 1,350 அடிக்கு இறங்கும். இரண்டு அங்குலக் குழலில் ஆயிரம் அடி சொச்சம்தான். ரைஃபிளில் 430 ஜூல் இருந்த ஆற்றல், ஆறங்குலத்தில் 220 ஆகிறது, இரண்டு அங்குலத்தில் 130 ஆகிறது. எரிந்து முடியாத மருந்து குழலுக்கு வெளியே வந்து எரிகிறது. இருட்டில் சுட்டால் அந்த நெருப்பு ஒரு கணம் கண்ணைக் கட்டிவிடும். சத்தம் காதைக் கிழிக்கும்.

வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இந்தச் சிக்கல் தெரியும். ஸ்பியர், ஹார்னடி போன்றவர்கள் குட்டைக் குழலுக்கென்றே வேகமாக எரியும் மருந்தோடு மேக்னம் தோட்டா செய்கிறார்கள். இரண்டு அங்குலத்திலும் நொடிக்கு ஆயிரம் அடி, குண்டு நன்றாக விரியும், நெருப்பும் குறைவு. கெல்டெக் நிறுவனம் முப்பது தோட்டா கொள்ளும் பிஸ்டலை 2010இல் கொண்டுவந்தது. அமெரிக்காவில் இருப்பவருக்கு, கைவலி உள்ள முதியவருக்கு, மேக்னம் கைத்துப்பாக்கி ஓரளவு நியாயமான தேர்வுதான். அதை நான் மறுக்கவில்லை. உதைப்பு மிகக் குறைவு, ஆறேழு தோட்டா கொள்ளும் ரிவால்வர் உள்ளங்கையில் அடங்கிவிடும், ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் அடுத்த தோட்டா முன்னால் வந்துவிடும்.

ஆனால் அந்த நியாயம் முழுவதும் அந்தச் சிறப்புத் தோட்டாக்கள் கடையில் கிடைப்பதை நம்பி நிற்கிறது. இங்கே மேக்னம் என்பது இறக்குமதிச் சரக்கு. எண்பதுகளின் நடுவிலிருந்து தனிநபர்கள் துப்பாக்கி இறக்குமதி செய்வது ஏறக்குறைய நின்றுவிட்டது. பேர் பெற்ற விளையாட்டு வீரர்களுக்குத்தான் வழி இருக்கிறது. ஆகவே இங்கே கைமாறும் மேக்னம் ரிவால்வர் எல்லாம் பழையது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், சுத்தியின் முனை தேய்ந்திருக்கும், உதிரிப் பாகம் கிடைக்காது. தேய்ந்த முனையும் ரிம்ஃபயரும் சேர்ந்தால் வெடிக்காத தோட்டாக்கள் கூடிக்கொண்டே போகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேக்னம் ரிவால்வரில் சாதாரண .22 தோட்டாவைப் போட்டுச் சுடக் கூடாது. உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும். ஆனால் மேக்னத்தின் அறை அகலமானது. சாதாரணக் கூடு அதில் உப்பிப் பிளந்து, சூடான வாயு பின்பக்கம் பீறிடும். கண் இருக்கும் இடம் அது. ரூகர் சிங்கிள் சிக்ஸ் போன்ற சில ரிவால்வர்களுக்கு இரண்டு சிலிண்டர்கள் உண்டு, ஒன்று லாங் ரைஃபிளுக்கு, மற்றது மேக்னத்துக்கு. சிலிண்டரையே மாற்றித்தான் தோட்டாவை மாற்ற வேண்டும். இரண்டு சிலிண்டரும் தொலையாமல் இருக்கும் இந்த வகை ஒன்று சட்டப்படி உங்கள் கைக்கு வந்தால் வாங்கலாம். மலிவான தோட்டாவில் பயிற்சி செய்யலாம், மேக்னம் கிடைக்கும்போது அதையும் சுடலாம். நான் முன்னே சொன்ன அந்தச் சிலரில் முதல் ஆள் இவர்தான்.

.17 எச்எம்ஆர்

எச்எம்ஆர் என்றால் ஹார்னடி மேக்னம் ரிம்ஃபயர். ஹார்னடி நிறுவனம் 2002இல், மேக்னம் கூட்டின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது. 17 கிரெய்ன் குண்டு, ரைஃபிளில் நொடிக்கு 2,550 அடி. குறி தப்பாத ரைஃபிள் தோட்டா. குண்டு லேசானது, பட்டதும் நொறுங்கிவிடும் வகை என்பதால் பாறையில் பட்டுத் திரும்பும் ஆபத்து மற்றவற்றைவிடக் குறைவு. கைத்துப்பாக்கியில் இதற்கும் மேக்னத்தின் நிலைதான், இன்னும் கூடுதலாக. வேகத்தை மட்டுமே நம்பியிருக்கும் தோட்டாவிலிருந்து வேகத்தை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? இங்கே யாராவது இதைக் கொண்டுவந்து காட்டினால் ஆசைக்குப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

.32 சென்டர்ஃபயர்

இது ரிம்ஃபயர் இல்லை. ஆனாலும் ஒப்பிடாமல் விட முடியாது. இந்தியாவில் தற்காப்புக்கென்று உரிமம் வாங்குபவருக்கு நடைமுறையில் கிடைப்பது இதுதான். 9 மில்லிமீட்டர் போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். .32இல் அரசு ஆலைகள் ரிவால்வரும் அசானி பிஸ்டலும் செய்கின்றன. எடை குறைந்த நிர்பீக் 2014இல் வந்தது. 2023இல் பிரபல் வந்தது. தோட்டாவும் உள்நாட்டிலேயே தயாராகிறது. பழுது பார்க்கவும் உதிரிப் பாகத்துக்கும் வழி இருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் .32 ஒன்றும் பெரிய பலசாலி இல்லை. ரிவால்வரின் 98 கிரெய்ன் குண்டு நொடிக்கு 700 அடி, 150 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு அங்குல மேக்னத்தோடு கிட்டத்தட்ட சமம். ஆறங்குல மேக்னம் இதைத் தாண்டியும் விடும். அப்படியானால் ஏன் இதைச் சொல்கிறேன்? குண்டு இரண்டரை மடங்கு கனம், விட்டமும் பெரியது. கேப் நடுவில் இருப்பதால் வெடிக்கும் என்ற நம்பிக்கை அதிகம். நெருப்பும் சத்தமும் மேக்னம் அளவுக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, தீர்ந்தால் மறுபடி வாங்கலாம். ஆனால் தோட்டா விலை .22ஐவிட வெகுவாகக் கூடுதல். வாங்கியவர்களில் பலர் பயிற்சியே செய்யாமல் பீரோவில் பூட்டி வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயுதத்துக்குச் செலவழிக்கும்போதே பயிற்சித் தோட்டாவுக்கும் ஒரு தொகை ஒதுக்கிவிட வேண்டும்.

எண்களை ஒரே இடத்தில் பார்க்க வசதியாக:

| | .22 லாங் ரைஃபிள் | .22 மேக்னம் | .17 எச்எம்ஆர் | .32 |
|---|---|---|---|---|
| குண்டின் எடை (கிரெய்ன்) | 40 | 40 | 17 | 98 |
| ரைஃபிளில் வேகம் (நொடிக்கு அடி, ஏறத்தாழ) | 1,200 | 1,900 | 2,550 | பொருந்தாது |
| கைத்துப்பாக்கியில் வேகம் (ஏறத்தாழ) | 950 | 1,000 முதல் 1,350 | 1,900 | 700 |
| உள்நாட்டுத் தோட்டா | உண்டு | இறக்குமதிதான் | இறக்குமதிதான் | உண்டு |
| ஒலிம்பிக் 25 மீ. போட்டி | ஆம் | இல்லை | இல்லை | இல்லை |
| எதற்கு நல்லது | பயிற்சி, போட்டி | ரைஃபிள். இரட்டைச் சிலிண்டர் ரிவால்வர் | ரைஃபிள் மட்டும் | தற்காப்பு |

பன்றி, யானை, பாம்பு: சட்டம் எங்கே நிற்கிறது

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்து விவசாயிகள் படும் பாடு எனக்குத் தெரியும். கௌண்டின்யா சரணாலயப் பக்கத்திலிருந்து யானை இறங்குகிறது. நிலக்கடலையைப் பன்றி கிளறிவிட்டுப் போகிறது. "மேக்னம் ரிவால்வர் ஒன்று இருந்தால் பன்றியை விரட்டலாமே" என்று கேட்கிறார்கள். அந்த வேதனை நியாயமானது, ஆனால் வழி இது இல்லை.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றியை நாமாகச் சுட முடியாது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று தமிழக அரசு 2025இல் அறிவித்தது. சுடுவது அவர்கள் வேலை, தகவல் கொடுப்பது நம் வேலை. சட்டத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாலும், 40 கிரெய்ன் குண்டு வளர்ந்த பன்றியைக் காயப்படுத்தும், உடனே வீழ்த்தாது. காயப்பட்ட பன்றி அடுத்து வரப்பில் நடந்து வரும் ஆள்மீது பாயும். யானையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாம்புக்கென்று பொடிச் சன்னம் அடைத்த மேக்னம் தோட்டா வெளிநாட்டில் விற்கிறார்கள். இங்கே பாம்பும் பாதுகாக்கப்பட்ட உயிர்தான். பாம்பு பிடிப்பவரையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுவதே சரி.

ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவே தெளிவாகப் பேசுகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கு அது சொல்வது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. துப்பாக்கிக் கழக உறுப்பினரின் குறிபார்ப்புப் பயிற்சிக்கு .22 ரைஃபிள். வயல் காவலுக்குக் கைத்துப்பாக்கி என்ற பேச்சே அங்கே இல்லை.

கண்ணில் படாத செலவுகள்

காது முதலில். பெரும்பாலான துப்பாக்கிகளின் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். குட்டைக் குழல் மேக்னம் அதையும் கடந்து வெகுதூரம் போகும். காதடைப்பு இல்லாமல், நாலு சுவருக்குள் ஒரே ஒரு முறை சுட்டாலும் காதில் இரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிடலாம். "சின்னத் தோட்டாதானே" என்று காதடைப்பு இல்லாமல் சுடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. போன காது திரும்பாது.

அடுத்தது எங்கள் ஊர்ப் பெருமையான தோல். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் அழகான தோல் உறை தைத்துத் தருவார்கள். தோளில் மாட்டி வெளியே போகும்போது அது நல்லதுதான். ஆனால் ஆயுதத்தையும் தோட்டாவையும் தோலுக்குள்ளேயே மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டையில் பதப்படுத்திய தோலில் இருக்கும் அமிலம் பித்தளையோடு சேர்ந்து பச்சைக் களிம்பு கட்டும். அந்தத் தோட்டா அறைக்குள் சிக்கும். மெல்லிய கூடுள்ள மேக்னத்தில் இது இன்னும் மோசம். ரிவால்வரை எண்ணெய் தடவித் துடைத்து இரும்புப் பெட்டியிலும், தோட்டாவைக் காற்றுப் புகாத டப்பாவில் தனியாகவும் பூட்டி வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் காருக்குள் தோட்டா வைப்பதும் தவறு.

வெடிக்காத தோட்டாவுக்கும் ஒரு முறை உண்டு. பயிற்சியின்போது சுத்தி விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்து முப்பது நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டா உண்டு. உடனே சிலிண்டரைத் திறந்து முகத்துக்கு நேரே பார்ப்பது கூடவே கூடாது.

வாரிசாக வந்த மேக்னம்

மேக்னம் பயன்படும் இரண்டாவது ஆள் இவர். அப்பா வைத்திருந்த ரிவால்வரை விற்க மனமில்லை, அதை வைத்துத் தற்காப்பு செய்யும் எண்ணமும் இல்லை. குடும்பச் சொத்தாகப் பத்திரமாக வைத்து, எப்போதாவது ரேஞ்சில் சுட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் சொல்கிறது. ஏற்கெனவே வங்கி வேலைக்கு ரெட்டைக்குழலும் தற்காப்புக்கு .32உம் வைத்திருப்பவருக்கு இடம் இல்லை. ஒன்றை விட்டாக வேண்டும். வேலைக்குத் தேவையானதை விட்டுவிட்டு மேக்னத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

உரிமக்காரர் இறந்துவிட்டால் ஆயுதத்தை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, ரசீதோடு வாரிசு உரிமத்துக்கு மனு போட வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. அவருக்கு எழுபது வயது ஆகியிருந்தாலோ, ஆயுதம் அவரிடம் இருபத்தைந்து ஆண்டு இருந்திருந்தாலோ, வாரிசு பேருக்குக் கேட்கலாம் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆகவே வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்கள் திருப்பத்தூர் கலெக்டர் அலுவலகத்துக்கும், ஆற்காடு, அரக்கோணத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். பழைய உரிமப் புத்தகத்தில் வேலூர் முத்திரை இருந்தால் அதன் நகலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மனுவில் ரகத்தை வெறுமனே ".22" என்று எழுதாமல், ".22 மேக்னம்" என்று குழலில் பொறித்திருப்பதைப் பார்த்து அப்படியே எழுதுங்கள்.